மேலே இறங்கிய குடல்

ராஜபாளையத்தில் டாக்டர் ஸுந்தரராஜனின் ஆஸ்பத்திரி வாசலில் 1982-ஆம் ஆண்டு ஒரு போர்டு எழுந்தருளியது. பச்சைத் தகரத்தில் வெள்ளை எழுத்து. தென்காசி பஸ்ஸில் போகிறவர்கள்கூட ஜன்னல் வழியாகப் படித்துவிடலாம்.

"குடலிறக்கத்துக்குச் சிகிச்சை உண்டு. குடலேற்றம் என்று ஒரு நோய் கிடையாது."

முதல் வாக்கியம் விளம்பரம். இரண்டாவது போர்ப் பிரகடனம்.

போருக்குக் காரணம் இருந்தது. இந்தப் பக்கத்தில் குழந்தை பாலைக் கக்கினால் குடல் ஏறிவிட்டது என்பார்கள். பேதியானாலும் ஏறிவிட்டது. அழுதால் ஏறிவிட்டது, அழாமல் சும்மா கிடந்தால் ரொம்ப ஏறிவிட்டது. பெரியவர்களுக்கும் விலக்குக் கிடையாது. கல்யாண வீட்டில் முதல் பந்தியிலும் கடைசிப் பந்தியிலும் உட்கார்ந்து எழுந்தவருக்கு மறுநாள் வயிறு உப்பினால், குற்றம் அவருடையதல்ல, குடல் ஏறிவிட்டது. ஏறிய குடலை இறக்குவதற்கு ஊருக்கு ஊர் ஆள் உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூரில் அந்தப் பொறுப்பு வெள்ளத்தாய் அம்மாளிடம் இருந்தது. விளக்கெண்ணெயை வயிற்றில் தடவி, மேலும் கீழுமாக நீவி, வேட்டியில் போட்டு இரண்டு பக்கமும் உருட்டி, கடைசியில் பிள்ளையின் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி உள்ளங்காலில் தட்டுவார். குடல் இறங்கிவிடும். தலைகீழாகப் பிடித்தால் குடல் எந்தப் பக்கம் இறங்கும் என்று யாரும் கேட்டதில்லை. நல்ல வைத்தியத்தில் கேள்வி கேட்கக்கூடாது.

இந்தத் தட்டெல்லாம் முடிந்து, நாக்கு வறண்டு, கண் குழிந்த குழந்தைகள்தான் டாக்டரிடம் வந்து சேர்ந்தன. பேதி பிடித்த குழந்தைக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டும், தட்டக்கூடாது. ஒரு குழந்தை அவர் கைக்கு வந்தபோது கொடுப்பதற்கு நேரமில்லாமல் போய்விட்டது. அன்று சாயங்காலமே பெயிண்டரைக் கூப்பிட்டனுப்பினார்.

ஆகவே அது நியாயமான போர். ஆனால் நியாயமான போர்களிலும் வழியோடு போகிறவர் யாராவது அடிபடுவது உண்டு. இந்தப் போரில் அடிபட்டவர் ஜெய்னப்.

ஜெய்னப் ஸ்ரீவில்லிபுத்தூரில் காதர் சோடாக் கம்பெனியின் பாதி. கம்பெனி என்றால் கையால் சுற்றுகிற ஒரு மெஷின், ஒரு கேஸ் சிலிண்டர், மரப்பெட்டிகளில் கோலி சோடா பாட்டில்கள், காதர், ஜெய்னப். காதர் மெஷினைச் சுற்றுவார். பாட்டில் கழுவுவது, கலர் கலப்பது, பன்னீர் சோடாவுக்குப் பன்னீரின் அளவு பார்ப்பது, பாக்கி கேட்டு வருகிறவர்களிடம் காதர் வெளியூர் போயிருப்பதாகச் சொல்வது எல்லாம் ஜெய்னப். 1983-இல் மூன்றாவது பிள்ளை நூர்பானு பிறந்தாள். பிள்ளை பிறந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றிய கொஞ்ச நாளில் ஜெய்னப்பின் நெஞ்சில் சத்தம் கேட்க ஆரம்பித்தது.

இடது பக்கம், மார்புக்குக் கீழே. சாப்பிட்டு முடித்த செத்த நேரத்தில் தொடங்கும். முதலில் தூரத்தில் மாட்டுவண்டி போவது போல ஒரு கடகடப்பு. பிறகு பாட்டிலைத் திறந்து தம்ளரில் ஊற்றுவது போல ஒரு சளசளப்பு. அதன்பின் மூச்சு பாதியில் நிற்கும். வலி இடது தோளுக்கு ஏறும். படுத்தால் நெஞ்சின்மேல் யாரோ சம்மணம் போட்டு உட்கார்ந்த மாதிரி இருக்கும். ஆகவே ஜெய்னப் படுப்பதை விட்டுவிட்டார். சோடாப் பெட்டியைச் சுவரோடு போட்டு, தலையணையை வைத்து, அதில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினார். தூங்கினார் என்று மரியாதைக்குச் சொல்வது.

காலை நீட்டி மல்லாந்து படுத்து ஒரு தூக்கம். ஆண்டவனிடமும் அதற்கு அடுத்த நிலையில் இருந்த டாக்டர்களிடமும் ஜெய்னப் கேட்டது இவ்வளவுதான்.

ஊர் இந்த நோயைப் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிட்டது. சோடாக் கம்பெனிக்காரர் பெண்டாட்டி நெஞ்சில் கேஸ் இல்லாமல் வேறு என்ன இருக்கும்? காதரும் அதே முடிவுக்கு வந்தார். கேஸை வெளியே எடுக்க வேண்டுமென்றால் கேஸைத்தான் உள்ளே விட வேண்டும் என்பது அவருடைய சித்தாந்தம். பெண்டாட்டிமேல் பிரியமுள்ள மனிதர். சாப்பிட்டதும் தம் கையாலேயே ஒரு சோடாவை உடைத்துக் கொடுப்பார். சோடா உள்ளே போன மறுகணம் ஜெய்னப்பின் இடது நெஞ்சு திருவிழா மைதானம் ஆகிவிடும். மூச்சுக்குத் தவிப்பார். காதர் பதறிப்போய் இன்னொரு சோடாவை உடைப்பார்.

நாத்தனார் நூர்னிசா வேறொரு கருத்தை முன்வைத்தார். ஜின் ஒன்று உள்ளே குடியேறியிருக்கிறது, அதுதான் சோடாவைக் குடிக்கிறது என்றார். இந்தக் கருத்தில் ஒரு நியாயம் இருந்தது: சோடா எங்கே போகிறது என்று கவலைப்பட்டவர் அந்த வீட்டிலேயே அவர் ஒருவர்தான்.

அப்புறம் வெள்ளத்தாய் அம்மாள் வரவழைக்கப்பட்டார். நெஞ்சில் காதை வைத்துக் கேட்டார். முகம் மலர்ந்தது.

"கொடல் ஏறிருச்சு. பிள்ளையளுக்கு ஏறுனா வயித்தோட நின்னுக்கிடும். இவளுக்கு நெஞ்சுக்கே ஏறிருச்சு பாத்துக்க."

இதில் கடைசி வாக்கியத்தில் ஒவ்வொரு சொல்லும் உண்மை. வெள்ளத்தாய் அம்மாள் தம் தொழில் வாழ்க்கையில் சொன்ன மிகத் துல்லியமான வாக்கியம் இதுவே. ஆனால் அதற்கு முந்திய வாரம் பல்வலிக்காரர் ஒருவரிடமும் இதே வாக்கியத்தைத்தான் சொல்லியிருந்தார்.

பெரிய மனுஷியைத் தலைகீழாகத் தூக்க முடியாது. இரண்டு பெண்கள் காலைப் பிடித்து உயர்த்த, வெள்ளத்தாய் அம்மாள் வயிற்றைக் கீழிருந்து மேலாக நீவினார். வயிற்றில் மிச்சமிருந்த குடலும் அந்தப் பக்கமாகப் புறப்பட்டிருக்க வேண்டும். ஜெய்னப்பின் உதடு நாவல்பழம் தின்ற மாதிரி ஆகிவிட்டது. எழுந்து உட்கார்ந்து மூச்சு திரும்பிய பிறகு, எண்ணெயைத் துடைத்துக்கொண்டு, இனி இந்த உடம்பை ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோவேன் என்றார். யாரும் மறுக்கவில்லை. வெள்ளத்தாய் அம்மாள் மட்டும், டாக்டர்களுக்கு ஏற்றம் இறக்கம் தெரியாது என்று சொல்லிப் பார்த்தார்.

முதல் டாக்டர் எக்ஸ்ரே எடுத்தார். இடது பக்கம் கீழே ஒரு நிழல். அந்தக் காலத்தில் நெஞ்சில் நிழல் விழுந்தால் டி.பி.தான், வேறு யாருக்கும் அங்கே நிழல் போட உரிமை இல்லை. ஒன்றரை வருடம் ஊசியும் மாத்திரையும் நடந்தன. அண்டை வீட்டார் ஜெய்னப் கழுவிய பாட்டிலில் சோடா குடிக்க மறுத்தார்கள். நிழல் அசையவில்லை. அது பெரிதாகாமல் இருப்பதே மருந்தின் வெற்றி என்று டாக்டர் சொன்னார்.

வேறொரு ஊரில் இருந்த நெஞ்சு நிபுணர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. இது டி.பி. இல்லை, நெஞ்சில் நீர் கோத்திருக்கிறது, ஊசி போட்டு எடுத்துவிடலாம் என்றார். ஊசி வந்தது. சாக்குத் தைக்கிற ஊசியின் அண்ணன் என்று சொல்லலாம். மேஜைமேல் உட்கார வைத்து முதுகில் டிங்சர் தடவியபோது ஜெய்னப் ஒரு கேள்வி கேட்டார். தண்ணீர் இல்லையென்றால் என்ன வரும்? வேறு எதுவும் வர வழியில்லை என்றார் நிபுணர். ஜெய்னப் மேஜையைவிட்டு இறங்கி, சேலையை இழுத்து மூடிக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். இதை ஞானம் என்று எழுதினால் பொய். அது சுத்தமான பயம். ஆனால் அந்த ஊசி இறங்கியிருந்தால் நேரே குடலில்தான் இறங்கியிருக்கும் என்று பின்னால் தெரியவந்தது. அதன் பிறகு காதர் தம் மனைவியின் பயங்களைக் கேலி செய்வதை நிறுத்திக்கொண்டார்.

இவ்வளவுக்கும் பிறகுதான், 1986-இல், ஜெய்னப் ராஜபாளையம் பஸ் ஏறி டாக்டர் ஸுந்தரராஜனிடம் வந்தார். டாக்டரும் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்தான், கோயில் மாடவீதிக் குடும்பம். கைராசிக்காரர், பொறுமைசாலி என்று பெயர். அவர் பொறுமை இழக்க ஒரே ஒரு சொல் போதும். என்ன செய்கிறது என்று அவர் கேட்டதும் ஜெய்னப் அந்தச் சொல்லோடுதான் தொடங்கினார்.

"கொடல் ஏறிருச்சுன்னு சொல்றாவ சார்."

டாக்டர் பேனாவால் வாசலைக் காட்டினார். "வெளியே போர்டு பாத்தீங்களாம்மா?"

அதற்குப் பிறகு ஜெய்னப் சொன்னது எதுவும் அவர் காதில் ஏறவில்லை. வயிற்றை அமுக்கினார், மெத்தென்று இருந்தது. நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார். ஒரு சத்தமும் இல்லை. வாயுவுக்கு ஒரு மருந்து எழுதி, அடுத்த முறையும் வெறும் வயிற்றோடு வரச் சொன்னார்.

அந்த ஆஸ்பத்திரியில் வெறும் வயிறு என்பது ஒரு மார்க்கம். அதன் காவலர் கம்பவுண்டர் பால்ச்சாமி. எப்போதோ ஒரு ரத்தப் பரிசோதனைக்காக டாக்டர் சொன்னதை அவர் எல்லா நோய்களுக்கும் சட்டமாக்கிவிட்டார். காலில் முள் குத்தி வந்தவரையும் இட்லி சாப்பிட்டீர்களா என்று கேட்டு, சாப்பிட்டிருந்தால் திருப்பி அனுப்பினார். ஜெய்னப் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர். காலையில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் பஸ் ஏறுவார். ஒவ்வொரு முறையும் டாக்டர் கேட்பார். ஒவ்வொரு முறையும் நெஞ்சு நல்ல பிள்ளையாக வாயை மூடிக்கொண்டு இருக்கும். மூன்றாவது தடவை டாக்டர் குரலைத் தாழ்த்தி, வீட்டில் ஏதாவது கவலையா என்று விசாரித்துவிட்டு, நன்றாகப் படுத்துத் தூங்குவதற்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். படுக்க முடியாதவருக்கு.

அந்த மாத்திரைச் சீட்டோடு ஜெய்னப் பழைய பஸ் ஸ்டாண்டில் வெகுநேரம் நின்றார். அழவில்லை. அழுதால் மூச்சு வாங்கும்.

1987-இல் ரம்ஜான் கோடையில் வந்தது. சோடாவுக்குச் சீசன். நோன்பு வைக்க வேண்டாம், உடம்பு தாங்காது என்று காதர் சொன்னார். ஜெய்னப் வைத்தார். பகலெல்லாம் பாட்டில் கழுவினார், பெட்டி தூக்கினார். நெஞ்சு மூச்சுக்கூட விடாமல் அமைதியாக இருந்தது. மத்தியானம் சும்மா பாயில் சாய்ந்து பார்த்தார். கொஞ்சம் படுக்கக்கூட முடிந்தது. சாயங்காலம் பாங்கு சொல்லி, பேரீச்சம்பழமும் நோன்புக் கஞ்சியும் உள்ளே போனதும் மாட்டுவண்டி புறப்பட்டுவிட்டது. மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாளும். நோன்பு பாதி கடந்தபோது ஒருநாள் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுக் காதரைப் பார்த்தார்.

"மச்சான், அந்த டாக்டரு இத்தன நாளும் என் நோன்பைத்தான் பாத்திருக்காரு. என்னையப் பாக்கவே இல்ல."

காதருக்குப் புரியவில்லை. புரிந்த மாதிரி தலையை ஆட்டினார். அது அவர் வழக்கம்.

பெருநாள் கழிந்த மறுநாள் இருவரும் ராஜபாளையத்தில் இறங்கினார்கள். ஜெய்னப் கையில் ஒரு டிபன் கேரியர். காதர் கையில் கம்பிக்கூடை, அதில் கோலி சோடா. ஆஸ்பத்திரிப் பெஞ்சில் வெறும் வயிற்றுக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் நடுவில் உட்கார்ந்து ஜெய்னப் கேரியரைத் திறந்தார். மேல் தட்டில் நெய்ச்சோறு, கீழ்த் தட்டில் தாளிச்சா. மணம் பெஞ்சின் கடைசிவரை போனது. அதிகாலையிலிருந்து பட்டினி கிடந்தவர்கள் தங்கள் தங்கள் நோயை மறந்து இந்தப் பக்கம் திரும்பினார்கள்.

பால்ச்சாமி ஓடி வந்தார்.

"என்ன தாயி, எல்லாரும் பச்சத் தண்ணி பல்லுல படாம உக்காந்திருக்காவ. நீங்க இங்கன வந்து கந்தூரி நடத்துறீயளே?"

"எனக்கு நோவே சாப்பிட்டாத்தான் வரும். நோவு இல்லாம வந்தா நீங்க என்னத்துக்குப் பாக்கணும்?"

பால்ச்சாமி தம் சட்டத்தை மனசுக்குள் புரட்டினார். ஜெய்னப் நிதானமாக, மூச்சு வாங்க வாங்க, கடைசிப் பருக்கைவரை சாப்பிட்டார். அது பசிக்குச் சாப்பிட்ட சாப்பாடு இல்லை. பரீட்சைக்குப் போகிறவர் படிப்பது போலச் சாப்பிட்டார்.

முறை வந்ததும் உள்ளே போனார். டாக்டருக்கு மணம் முதலில் வந்து சேர்ந்தது. அவர் நிமிர்வதற்குள் காதர் ஒரு பாட்டிலை எடுத்துக் கட்டைவிரலால் கோலியை அமுக்கினார். சத்தம் ஊசி அலமாரியில் எதிரொலித்தது.

"இது ஆஸ்பத்திரியா, சோடாக் கடையா?" என்றார் டாக்டர்.

"ரெண்டும் இல்ல சார், என் நெஞ்சு." ஜெய்னப் இடது பக்கம் விலாவில் விரலை வைத்துக் காட்டினார். "கொடல் ஏறிருச்சுன்னு சொல்ல மாட்டேன். ஒண்ணுமே சொல்ல மாட்டேன். இங்கன வச்சுக் கேளுங்க. கேட்டுட்டு ஒண்ணுமில்லைன்னா போயிருதேன். பொறவு வரவே மாட்டேன்."

கோபத்தில் இருந்தவர்கூடக் கேட்டுத்தான் ஆக வேண்டும் என்கிற மாதிரி ஒரு குரல். டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் மாட்டினார். ஜெய்னப் ஒரு வாய் சோடா விழுங்கினார்.

டாக்டரின் புருவம் உயர்ந்தது. பால்ச்சாமியிடம் மின்விசிறியை நிறுத்தச் சொன்னார். இன்னொரு வாய் என்று கையைக் காட்டினார். குழலை வயிற்றுக்கு இறக்கினார், அங்கே அமைதி. நெஞ்சுக்கு ஏற்றினார், அங்கே கடகட, சளசள. மூச்சு கேட்க வேண்டிய இடத்தில் மூச்சு இல்லை. வயிற்றில் கேட்க வேண்டியது எல்லாம் அங்கே கேட்டது. மீண்டும் வயிறு, மீண்டும் நெஞ்சு. வாடகைக்கு இருந்தவர் வீட்டைக் காலி செய்துவிட்டு மாடிக்குப் போய்விட்டதைக் கண்டுபிடித்தவர் மாதிரி நின்றார். படிக்கிற காலத்தில் பேராசிரியர் ஒருவர், இதைப் பரீட்சைக்காகப் படித்து வையுங்கள், வாழ்க்கையில் பார்க்க மாட்டீர்கள் என்று சொன்ன ஒரு பக்கம் அவருக்கு ஞாபகம் வந்தது.

அன்றே வெள்ளை மாவுக் கரைசலைக் குடிக்க வைத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். மருந்து போகிற வழி படத்தில் வெள்ளையாகத் தெரியும். படம் வந்ததும் டாக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு தலைகீழாகத் திருப்பிப் பிடித்தார். பிறகு மறுபடி நேராக்கினார். எப்படிப் பிடித்தாலும் இரைப்பையின் ஒரு பகுதி நெஞ்சுக்குள் இருந்தது.

கணவனையும் மனைவியையும் உட்கார வைத்தார்.

"உங்களுக்குக் குடலிறக்கம் இருக்கும்மா."

"எங்க சார் இறங்கியிருக்கு?"

டாக்டர் படத்தில் இடது நெஞ்சைத் தொட்டார்.

"அது மேலல்லா இருக்கு?"

"மேலதான்."

"மேல எப்பிடி சார் இறங்கும்?"

கதவருகே ஊசிகளைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்த பால்ச்சாமி அடுப்பைச் சின்னதாக்கிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தார்.

"டாக்டருக்குப் படிச்ச தமிழ்ல, குடல் எங்கேயிருந்து எங்கே போனாலும் இறக்கம்தாம்மா பேரு," என்றார் டாக்டர். படத்தை மேஜைமேல் வைத்தார். "நீங்க சொன்னதையே எடுத்துக்கலாம். ஏறியிருக்கு."

தமிழ் மருத்துவ வரலாற்றில் ஒரு சரணாகதி அப்படி நடந்தது. ஜெய்னப் அதில் சந்தோஷப்படவில்லை. ஏறியதை இறக்க முடியுமா என்று மட்டும் கேட்டார்.

டாக்டர் விளக்கினார். வயிற்றுக்கும் நெஞ்சுக்கும் நடுவே ஒரு தசைத் திரை உண்டு, உதரவிதானம் என்று பெயர். நாம் மூச்சு விடும்போது அதுதான் ஏறி இறங்குகிறது. சிலருக்குப் பிறக்கும்போதே அதன் பின்பக்கம் மூடாமல் ஒரு ஓட்டை நின்றுவிடும். அநேகம் பேருக்குப் பிறந்த உடனேயே தெரிந்துவிடும். இப்படி வளர்ந்து, கல்யாணமாகி, மூன்று பெற்று, அப்புறம் தெரிவது அபூர்வம். பிள்ளை வயிற்றில் இருக்கும்போது குடலுக்கு இடமில்லாமல் அந்த ஓட்டை வழியாக மேலே புகுந்திருக்க வேண்டும். காதர் அதுவரை தலையை ஆட்டிக்கொண்டே இருந்தவர், சட்டென்று நிறுத்தினார். அது நிஜமாகவே புரிந்ததன் அடையாளம்.

"வாஷர் கிழிஞ்சிருக்கு. கேஸ் மேல வருது."

"அதேதான் பாய்."

"மாத்திரலாமா?"

"மாத்த முடியாது. தைக்கலாம். மதுரையில செய்வாங்க."

மதுரை என்றதும் காதரின் முகம் இறங்கியது. வீட்டில் சொந்தக்காரர்கள் கூடினார்கள். இத்தனை நாள் இருந்தது இருந்துவிட்டுப் போகட்டும், உட்கார்ந்து தூங்குவதால் யாரும் செத்ததில்லை, நெஞ்சைத் திறந்தவர்கள் செத்திருக்கிறார்கள் என்பது பொதுக்கருத்து. டாக்டர் சொல்லி அனுப்பியதைக் காதர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: குடல் அந்த ஓட்டையில் ஒருநாள் முறுக்கிக்கொண்டால் அழுகிவிடும், அப்போது மதுரை போவதற்கு நேரம் இருக்காது. சபை அதையும் பரிசீலித்து, ஆண்டவன்மேல் பாரத்தைப் போடலாம் என்று தீர்மானிக்கப் போனது. சோடாப் பெட்டியில் சாய்ந்திருந்த ஜெய்னப் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நாலு வருசமா உக்காந்துக்கிட்டே தூங்குறேன். செத்தாத்தான் என்னையப் படுக்க வைப்பீயன்னா, அதுக்கு முந்தி உசுரோட ஒருக்கா படுத்துப் பாத்துட்டு வாரேன்."

தீர்மானம் நிறைவேறாமல் சபை கலைந்தது.

மதுரை ஆஸ்பத்திரியில் ஜெய்னப் பெரிய புள்ளியானார். இப்படி ஒரு நோயைக் கண்ணால் பார்க்காத டாக்டர்களும் படிக்கிற பிள்ளைகளும் வரிசையில் வந்து கேட்டார்கள். சத்தம் வர வேண்டும் என்பதற்காக அவருக்கு வேளை தவறாமல் ரொட்டியும் முட்டையும் கொடுத்தார்கள். சாப்பிட்டுவிட்டு வா என்று சொன்ன முதல் ஆஸ்பத்திரி அதுதான் என்று ஜெய்னப் பிற்காலத்தில் பெருமையோடு சொல்வார். ஆபரேஷனுக்கு முந்திய ராத்திரி முதல் மட்டும் வெறும் வயிறு. இதற்கு நியாயம் உண்டு என்று அவரே ஒப்புக்கொண்டார்.

வயிற்றைத் திறந்தார்கள். பெருங்குடலில் ஒரு நீளமும் இரைப்பையின் ஓரமும் மேலே குடியிருந்தன. மெதுவாகக் கீழே இழுத்தார்கள். பின்பக்கம் இடது ஓரத்தில் ஓட்டை இருந்தது, ஒரு பெரிய எலுமிச்சம்பழம் போய்வரலாம். கரையாத நூலால் அதைத் தைத்து மூடினார்கள். இவ்வளவு காலம் மூலையில் நசுங்கிக் கிடந்த இடது நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாக விரிந்தது. விலா இடுக்கில் ஒரு ரப்பர் குழாயைச் சொருகி, அதன் மறுமுனையைக் கட்டிலுக்குக் கீழே தண்ணீர் நிறைந்த பாட்டிலில் விட்டார்கள். நெஞ்சில் தங்கிய காற்று அந்தத் தண்ணீரில் குமிழ் விட்டு வெளியேற வேண்டும்.

காதரை உள்ளே விட்டபோது அவர் மனைவியைப் பார்ப்பதற்கு முன்பு பாட்டிலைத்தான் பார்த்தார். வாழ்நாளெல்லாம் பாட்டிலுக்குள் கேஸை அடைத்தவர். இப்போது ஒரு பாட்டில் தம் மனைவியிடமிருந்து கேஸை வாங்கிக்கொண்டிருந்தது. நர்ஸிடம் லீக் ஆகிறது என்று ஓடினார். லீக் ஆகத்தான் வேண்டும் என்று நர்ஸ் அதட்டினார். அப்புறம் அவர் அந்த இடத்தைவிட்டு எழவில்லை. தரையில் குந்தி, குமிழியையே பார்த்துக்கொண்டிருந்தார். குமிழி குறைந்தது. ஒருநாள் நின்றுவிட்டது. மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, வாஷர் பிடித்துவிட்டது என்றார். ஜெய்னப் அப்போது பலூன் ஊதிக்கொண்டிருந்தார். நுரையீரல் விரிய அது பயிற்சி. பதில் சொல்ல வாய் காலியில்லை. வலித்தாலும் விடாமல் ஊதினார். ஊர் திரும்பியபோது பிள்ளைகளுக்கு ஒரு பை நிறைய பலூன் மிச்சம்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் செய்தி வேறு மாதிரி பரவியிருந்தது. குடலேற்றம் உண்டு என்று டாக்டர் ஸுந்தரராஜனே ஒப்புக்கொண்டுவிட்டார். வெள்ளத்தாய் அம்மாள் முதலிலேயே கண்டுபிடித்துவிட்டார். மறுபடி பேதிக் குழந்தைகள் விளக்கெண்ணெய்க்குப் போக ஆரம்பித்தன. போர்டைக் கழற்றிவிடலாம் சார், ஜனங்கள் சிரிக்கிறார்கள் என்றார் பால்ச்சாமி. டாக்டர் மறுத்தார். போர்டு சொல்வது பொய் ஆகிவிட்டது என்றார் பால்ச்சாமி. அதுவும் சரிதான். இரண்டு நாள் யோசித்துவிட்டு டாக்டர் மறுபடி பெயிண்டரைக் கூப்பிட்டனுப்பினார். போர்டில் இடமில்லை. ஆகவே இரண்டு சொல்லுக்கு நடுவே ஓர் அம்புக்குறி போட்டு, மேலே சின்ன எழுத்தில் ஒரு சொல் சேர்க்கப்பட்டது. இப்போது பஸ்ஸில் போகிறவர்கள் இப்படிப் படித்தார்கள்: "குடலேற்றம் என்று ஒரு நோய் பெரும்பாலும் கிடையாது." 1991-இல் போர்டு புதிதாக எழுதப்பட்டபோதும் அந்தச் சொல் சின்ன எழுத்திலேயே, அம்புக்குறியோடு, அதே இடத்தில் இருந்தது.

பெரும்பாலும் என்பதற்கு அர்த்தம் சொல்லும் வேலையை ஜெய்னப் ஏற்றுக்கொண்டார். வெள்ளத்தாய் அம்மாள் வீட்டுக்குப் போகிற வழி சோடாக் கம்பெனி வாசல் வழியாகத்தான். துவண்ட பிள்ளையோடு யார் போனாலும் மறிப்பார்.

"ஏட்டி, நில்லு. கொடல் ஏறுனது எனக்கு. ஊர்லயே எனக்குத்தான். அத இறக்குனது எண்ணெ இல்ல, கத்தி. ஒம் புள்ளைக்குப் பேதி. இந்தா, உப்பும் சீனியும் கரைச்சிருக்கேன், புகட்டிக்கிட்டே ராஜபாளையம் பஸ்ஸப் புடி."

கழுவிய சோடாப் பாட்டிலில் காய்ச்சி ஆறிய தண்ணீரில் கரைத்துத் தயாராக வைத்திருப்பார். தொண்ணூறுகளிலும் இது நடந்தது. வெள்ளத்தாய் அம்மாள் ஒருமுறை, என் பிழைப்பைக் கெடுக்கிறாய் என்று சண்டைக்கு வந்தார். ஜெய்னப் ஒரு பன்னீர் சோடா உடைத்துக் கொடுத்தார். குடித்துவிட்டு, இதில் கேஸ் பத்தவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆபரேஷன் முடிந்த அடுத்த ஆடிப்பூரத்துக்கு டாக்டர் ஸுந்தரராஜன் வழக்கம்போலத் தேர் பார்க்க ஊருக்கு வந்தார். மத்தியானம் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, வேகிற வெயிலில் நடந்து சோடாக் கம்பெனிக்கு வந்து, ஒருமுறை கேட்டுப் பார்த்துவிடுகிறேன் என்றார். எப்போது சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். இப்போதுதான், வயிறு முட்ட, என்றார் ஜெய்னப்.

"அப்ப அப்படியே படுங்க. மல்லாந்து."

ஜெய்னப் பாயை விரித்து, சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு, காலை நீட்டிப் படுத்தார். சோடாப் பெட்டி சுவரோரம் இருந்தது; அதில் இப்போது சோடாதான் இருந்தது. டாக்டர் தரையில் உட்கார்ந்து இடது விலாவில் குழலை வைத்தார். அடிப்பக்கம், பக்கவாட்டில், முதுகை ஒட்டி, ஒவ்வொரு இடமாக நகர்த்தினார். வேறு வேலையே இல்லாதவர் மாதிரி வெகுநேரம் கேட்டார். உள்ளே காற்று போனது, வந்தது. போனது, வந்தது. வேறு ஒன்றும் இல்லை.

"ஒண்ணும் கேக்கலை," என்றார்.

பதில் இல்லை. குனிந்து பார்த்தார். ஜெய்னப் தூங்கிவிட்டிருந்தார்.

காதர் அதற்குள் மரியாதைக்கு ஒரு பன்னீர் சோடாவைக் கொண்டுவந்து டாக்டர் கையில் கொடுத்தார். டாக்டர் கட்டைவிரலைக் கோலிமேல் வைத்தார். பாயைப் பார்த்தார். விரலை எடுத்தார். பாட்டிலை அப்படியே கையில் பிடித்தபடி எழுந்து, செருப்பைச் சத்தமில்லாமல் மாட்டிக்கொண்டு தெருமுனைவரை நடந்துபோய், அங்கே நின்று அமுக்கினார்.